ஓடையா, வாய்க்காலா, பள்ளமா: வரைபடத்தில் எதை எழுதுவது?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஈரோட்டுக்குத் தெற்கே உள்ள ஊர்களை, யாரும் சேர்க்கவும் திருத்தவும் கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். சாலை, கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை வரை தடையில்லாமல் முடிந்தது. தண்ணீர் ஓடும் இடங்களுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

அந்த வரைபடம் நீர்வழிகளுக்கு முக்கியமாக ஐந்து வகைகளைத் தருகிறது. ஆறு ஒன்று. அடுத்தது, திடமான ஆள் ஒருவர் தாவிக் கடந்துவிடக்கூடிய சிறிய இயற்கை ஓட்டம். தாவுவதுதான் அளவுகோல் என்று அவர்கள் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு பாசனத்துக்கோ படகுக்கோ வெட்டிய பெரிய கால்வாய், வயலோரத்து மண் வாய்க்கால், கடைசியாகச் சிமென்ட் பூசிய வடிகால். முதல் இரண்டும் இயற்கை, மற்ற மூன்றும் மனிதர்கள் வெட்டியவை.

இதில் எங்கள் ஊர்ப் பள்ளத்தை எங்கே வைப்பது? அகலத்தில் இரண்டு லாரி ஒன்றையொன்று தாண்டிப் போகலாம், தாவ முடியாது. ஆனால் ஐப்பசி மழை விட்டால் மணல்தான். அதை ஆறு என்று சொன்னால் ஊரே சிரிக்கும். ஈரோட்டுக்குள் ஓடுவதைப் பெரும்பள்ளம் ஓடை என்கிறார்கள். பள்ளமும் அதுவே, ஓடையும் அதுவே.

இன்னொரு பக்கம் காலிங்கராயன் வாய்க்கால். பவானியில் அணைக்கட்டிலிருந்து புறப்பட்டு நொய்யலில் போய்ச் சேரும்வரை சுமார் 90 கிலோமீட்டர். கால்வாய் என்றால் பெரியது, வாய்க்கால் என்றால் சிறியது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இது எந்தக் கணக்கில் சேரும்?

எனக்கு வேண்டியவை இரண்டு: எந்த வகையைத் தேர்வது, பெயர்க் கட்டத்தில் என்ன எழுதுவது.

பொருநைக்கரை

உங்கள் ஆசிரியர் எங்கள் ஊர்க்காரராக இருந்திருப்பார். திருநெல்வேலிச் சீமையில் அந்த விதி நன்றாகவே பொருந்தும். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பதினோரு கால்வாய்கள். கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், திருநெல்வேலிக் கால்வாய் என்று பெரியவை எல்லாம் கால்வாய்தான். அவற்றிலிருந்து மடை திறந்து வயலுக்குப் போவதுதான் வாய்க்கால்.

ஆனால் கீழே போகப்போகக் கால்வாயும் இல்லை, வாய்க்காலும் இல்லை, வெறும் கால். மருதூர் மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால். திசையையும் காலையும் ஒட்டிவிட்டால் பெயர் முடிந்தது. ஆற்றிலிருந்து கால் முளைத்து நடந்துபோகிறது என்று என் பாட்டனார் சொல்வார். அது உண்மையான சொல்லாராய்ச்சியா என்று இங்கே இருக்கும் கல்வெட்டு ஆட்கள் சொல்லட்டும்.

மதகடி

பாசனப் பணியில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அலுவலகக் கோப்பில் படிநிலை தெளிவாக இருக்கும்: முதன்மைக் கால்வாய், கிளைக் கால்வாய், பகிர்மான வாய்க்கால், அதற்குக் கீழே கொப்பு வாய்க்கால். பெரியது கால்வாய், சிறியது வாய்க்கால் என்ற பள்ளிக்கூட விதி பெரும்பாலும் இந்தக் கோப்புகளிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். காவிரிக்கரைக்குப் போங்கள், விதி தவிடுபொடியாகிவிடும். உய்யக்கொண்டான் வாய்க்கால், புள்ளம்பாடி வாய்க்கால், பெருவளை வாய்க்கால், கட்டளை மேட்டு வாய்க்கால், மோகனூர் வாய்க்கால், பரமத்திவேலூர்ப் பக்கம் ராஜவாய்க்கால். ஒன்றுகூடத் தாவிக் கடக்கும் அளவு அல்ல. கொங்கும் திருச்சியும் வாய்க்கால் நாடு, நெல்லை கால்வாய் நாடு. அளவு அப்புறம்.

நொய்யல்கரைத் தம்பிக்கு ஒரு வழி. வெட்டியதா, தானாக ஓடியதா என்று ஐயம் வந்தால் சம உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஓடை அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இறங்கும். தண்ணீருக்குத் தாழ்வுதான் வழி. வெட்டிய வாய்க்கால் அந்தக் கோட்டை ஒட்டியே நெளியும். மேட்டை இழந்துவிட்டால் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறாது, ஆகவே அடிக்கு அடி சிக்கனமாக இறங்கும். காலிங்கராயன் பாம்பு போன வழியில் வெட்டினான் என்று கதை சொல்வார்களே, அந்த நெளிவு முழுவதும் மட்டம் பார்த்த நெளிவு. 1283-இல் முடிந்ததாகச் சொல்லப்படும் வேலை அது. இன்றைக்கு என் கையில் கருவி கொடுத்தாலும் ஏறக்குறைய அதே பாதையில்தான் கல் நடுவேன்.

கடைமடை

ஒரத்தநாட்டிலிருந்து. பெரியவர் மதகடி சொன்ன கோடு விதி எங்களுக்கு உதவாது. டெல்டாவில் கோடு எங்கே இருக்கிறது? உள்ளங்கைபோலத் தட்டை.

எங்கள் குழப்பம் வேறு. 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்த்துத் திறந்த கல்லணைக் கால்வாய், பலகையில்தான் கல்லணைக் கால்வாய். தஞ்சாவூரில் யாரையும் கேளுங்கள், புது ஆறு என்பார்கள். பெரிய கோயிலை ஒட்டி ஓடுகிறது. முழுக்க முழுக்க வெட்டியது, வெட்டிய ஆண்டு தெரியும், நீளம் சுமார் 150 கிலோமீட்டர், பட்டுக்கோட்டை, பேராவூரணி தாண்டிப் போகிறது. இத்தனைக்கும் பெயர் ஆறு. புதியது என்று சொல்லிவிட்டு ஆறு என்றும் சொல்லிவிட்டார்கள். இதை நான் வரைந்தால் கால்வாய் வகையில் போட்டுவிட்டு, பெயரில் புது ஆறு என்று எழுதுவேன். யார் மாற்றினாலும் மறுபடி எழுதுவேன்.

இன்னும் கேளுங்கள். வீரசோழன் ஆறு, கீர்த்திமான் ஆறு, முடிகொண்டான் ஆறு, திருமலைராஜன் ஆறு. எல்லாம் ராஜாக்கள் வெட்டியவை, எல்லாமே ஆறு. வெட்டாறு என்று பெயரிலேயே வெட்டு இருக்கிறது. ஆகவே சோழநாட்டில் பெரியது எதுவானாலும் ஆறு, அதிலிருந்து பிரிவது வாய்க்கால். இயற்கை, செயற்கை என்ற கேள்வியே எங்களுக்கு வராது.

கல்லெழுத்து

கடைமடை அண்ணா, கடைசி வரி எனக்குப் பிடித்திருக்கிறது. முந்தைய வரிகளில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அரசன் பெயர் இருப்பதால் அரசன் வெட்டினான் என்று ஆகிவிடாது. முடிகொண்டான் என்பது முதலாம் ராஜேந்திரனின் பட்டம், சரி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிளைக்குக் கரை கட்டி, தலைப்பில் மதகு வைத்து, அரசன் பெயரை வைத்திருக்கலாம். கழிமுகச் சமவெளியில் ஆறு தானாகவே நூறாகப் பிரியும், மனிதர்கள் அவற்றில் சிலவற்றை அடைத்துச் சிலவற்றை ஆழப்படுத்துவார்கள். எங்கே இயற்கை முடிந்து மண்வெட்டி தொடங்கியது என்று இன்று பிரிக்க முடியாது. வெட்டாறு என்ற பெயரை வைத்து வரலாறு எழுதவும் எனக்குத் துணிவில்லை.

சொற்களுக்கு வருகிறேன். சோழர் கல்வெட்டுகளில் நில எல்லை சொல்லும் முறையைப் பாருங்கள். உத்திரமேரூர் போன்ற, பிராமணர்களுக்குத் தானமாகத் தந்த பிரமதேய ஊர்களில் ஒவ்வொரு வயலுக்கும் முகவரி உண்டு: இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுரம். வாய்க்காலும் வதியும் குறுக்குமறுக்காக நிலத்தைக் கட்டம் போடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். தபால்காரர் இல்லாத காலத்துக் கதவிலக்கம் அது. இதில் கவனிக்க வேண்டியது கண்ணாறு. பெயரில் ஆறு இருக்கிறது, ஆனால் அது வாய்க்காலிலிருந்து பிரியும் சிறு கிளை. ஆறு என்றாலே பெரியது என்ற நினைப்பு ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே செல்லுபடியாகவில்லை. வழி என்பதும் ஆறு என்ற சொல்லின் பழம்பொருள்தானே.

பொருநைக்கரையின் பாட்டனாருக்கும் ஒரு வார்த்தை. செப்பேடுகளில் பாசன உரிமையைச் சொல்லும்போது, அயலார் குறங்கறுத்துப் பாய்ச்சக்கூடாது, குற்றேற்றம் வைக்கக்கூடாது, விலங்கடைக்கக்கூடாது என்று தடை வரும். குறங்கு என்றால் தொடை. இங்கே வாய்க்காலின் பக்கத்தில் வெட்டியெடுக்கும் கிளை. குற்றேற்றம் என்பது நீர் இறைக்கும் சிறு ஏற்றம். விலங்கடைப்பது என்பது குறுக்கே அடைப்பது. வாய், கால், குறங்கு என்று உடம்புச் சொற்களிலேயே ஒரு நீர்ச்சட்டம் எழுதியிருக்கிறார்கள். வாய்க்கால் தொடங்கும் இடம் வாய்த்தலை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் காவிரி நாட்டில் நடந்துபோகும் பகுதியில், புதுநீர் வாய்த்தலையில் மோதி ஒலிக்கும் ஓசை வருகிறது. உய்யக்கொண்டான் புறப்படும் ஊர் இன்றும் பேட்டைவாய்த்தலை. பஸ்ஸில் அந்த ஊர்ப் பலகையைப் பார்க்கிறவர்கள் மதகுக்கு அருகில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

மதகடி

வாய்த்தலை என்ற சொல்லை எங்கள் துறை ஏன் கைவிட்டது என்று எனக்குப் புரியவே இல்லை. தலைமதகு என்று எழுதினோம், அதுகூடப் பரவாயில்லை. பிறகு எல்லாரும் ஷட்டர் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

வன்னிக்காற்று

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பட்டியலில் அருவி எங்கே என்று தேடினேன். தமிழ்நாட்டில் அருவி என்றால் மலையிலிருந்து விழுவது. எங்களுக்கு விழுவது நீர்வீழ்ச்சி. அருவி சமதரையில் ஓடும். மன்னாரில் கடலில் சேரும் ஆற்றின் பெயரே அருவியாறு. மேலே சிங்களப் பகுதியில் அதையே மல்வத்து ஓயா என்கிறார்கள். ஒரே தண்ணீர், பாதி வழியில் பெயர் மாறிவிடுகிறது. வரைபடத்தில் இரண்டு பெயரும் இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

அந்த ஆற்றை மறித்த அணைக்கட்டுக்குத் தேக்கம் என்றே பெயர். அங்கிருந்து தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கட்டுக்கரைக் குளத்துக்குப் போகிறது. குளம் என்றால் கால் கழுவும் குளம் இல்லை, உங்கள் ஏரி, உங்கள் கண்மாய். குளக்கட்டில் தண்ணீர் திறக்கும் இடம் துரிசு. குளம் நிரம்பி வழிந்தால் வான் பாய்கிறது என்போம். மாரியில் இரணைமடு வான் பாய்ந்தால் அது செய்தி.

ஆறு என்ற சொல்லைப் பற்றி இன்னும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். தொண்டைமானாறு ஆறே இல்லை, கடலோடு சேர்ந்த உவர்நீர்ப் பரப்பு. மலையே இல்லாத குடாநாட்டில் ஓடினாலும் நின்றாலும் ஆறு என்று சொல்லிவைத்தார்கள்.

பொருநைக்கரை

வான் பாய்கிறது! எவ்வளவு நல்ல சொல். நாங்கள் குளம் மறுகால் பாய்கிறது என்போம். எங்களுக்கும் குளம்தான், ஏரி என்று சொன்னால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும்.

பாலாற்று மணல்

வட ஆர்க்காட்டில் ஏரி கோடி போகிறது என்போம். கோடி போனால் ஊரில் ஆடு வெட்டுவார்கள். அப்புறம், நீங்கள் யாரும் கானாற்றைச் சொல்லவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் மலைக்காட்டிலிருந்து இறங்கிப் பாலாற்றில் சேர்வதெல்லாம் கானாறு. ஆண்டில் பத்து நாள் ஓடினாலும் கானாறுதான். பாலாறே அப்படித்தான் ஓடுகிறது என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒக்கியம்

சென்னையிலிருந்து. எங்கள் நிலைமையைக் கேட்டால் நீங்கள் எல்லாரும் பணக்காரர்கள் என்று புரியும். இங்கே பெரியது எல்லாம் கால்வாய், சிறியது எல்லாம் மழைநீர் வடிகால். விருகம்பாக்கம் கால்வாய், மாம்பலம் கால்வாய், இப்படி. இவற்றில் எது ஏரியின் போக்குக் கால், எது பழைய ஓடை, எது உண்மையிலேயே வெட்டியது என்று சொல்ல ஆள் கிடையாது. ஓட்டேரி நல்லா என்று ஒன்று ஓடுகிறது. நாலா என்ற வடநாட்டுச் சொல் ஆங்கிலேயர் வாய் வழியாக வந்து அப்படியே தங்கிவிட்டது. நல்ல நீர் ஓடியதால் நல்லா என்று ஒரு பெரியவர் எனக்கு விளக்கியும் இருக்கிறார்.

ஒன்றே ஒன்று தப்பியிருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துத் தண்ணீர் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும் வழிக்கு ஒக்கியம் மடுவு என்று பெயர். மடு என்றால் ஆழமான நீர்நிலை. இங்கே ஓடுகிற வழிக்கே அந்தப் பெயர். பக்கத்தில் கணினி அலுவலகங்கள் வந்து, சாலை ஆறு தடங்களாகி, பாலத்தின் பலகையில் மட்டும் மடுவு இருக்கிறது. என் பெயர் அங்கிருந்து எடுத்ததுதான்.

சானல்கரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாங்கள் சானல் என்கிறோம். ஆங்கிலச் சொல் என்று யாரும் நினைப்பதே இல்லை. தோவாளை சானல், அனந்தனாறு சானல், நாஞ்சில்நாட்டுப் புத்தனாறு சானல். கடைசி இரண்டையும் கவனியுங்கள், ஆறும் உண்டு, சானலும் உண்டு. புத்தனாறு என்றால் புதிய ஆறு. தஞ்சாவூர்க்காரரின் புது ஆற்றுக்கு இங்கே ஒரு தங்கை. சானல்கரையில் வீடு என்றால் முகவரி முடிந்தது.

பழையவற்றுக்குக் கால் என்ற பெயர் மிச்சம் இருக்கிறது. பாண்டியன் கால், பட்டணங்கால். பட்டணங்கால் மாத்தூரில் பறளியாற்றுக்கு மேலே தொட்டிப்பாலத்தில் போகிறது, 1966-இல் கட்டியது, நூறடிக்கு மேல் உயரம். கீழே ஆறு, தலைக்கு மேலே கால். மேற்கே விளவங்கோடு பக்கம் போனால் சிறு ஓடைக்குத் தோடு என்பார்கள், அது மலையாளக் காற்று.

நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றி. ஆனால் கேள்வி கேட்டபோது இருந்த குழப்பம் இப்போது எட்டு மாவட்டத்துக்கும் ஒரு தீவுக்கும் பரவிவிட்டது. எனக்குத் தேவை அகராதி இல்லை, வரையவேண்டிய கோட்டுக்கு ஒரு முடிவு.

மேலும் ஒரு சிக்கல் சொல்கிறேன். கீழ்பவானி வாய்க்கால் வந்தபிறகு அதற்குக் கீழ்ப்புறம் உள்ள பல பள்ளங்களில் வாய்க்காலின் கசிவுநீர் ஓடுகிறது. மழையே இல்லாத மாதத்திலும் பள்ளத்தில் தண்ணீர், வாய்க்கால் நிறுத்தினால் சில வாரத்தில் பள்ளமும் வற்றிவிடும். அந்தக் கசிவை நம்பிக் கிணறுகள், தடுப்பணைகள், தோட்டங்கள் இருக்கின்றன. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடக்கூடாது என்று இங்கே நடந்த போராட்டமே இந்தக் கசிவுக்காகத்தான். வழி இயற்கை, தண்ணீர் செயற்கை. இது எந்த வகை?

கோவை நடைபாதை

உங்களாவது பள்ளம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். கோவையில் சங்கனூர்ப் பள்ளம் என்று ஊர் சொல்லும், சங்கனூர் ஓடை என்று செய்தித்தாள் எழுதும், வாய்க்கால் என்று இன்னொரு பக்கம் சொல்வார்கள். ஒரே ஒரு பள்ளம், மூன்று பெயர். என்னைக் கேட்டால் பெயர் மாறும் வரிசையைக் கவனிக்கவேண்டும். பள்ளம் என்பது மழை வரும் வழி. வாய்க்கால் என்று எழுதிவிட்டால் யாரோ வெட்டியதை யாரோ நேராக்கலாம், ஒடுக்கலாம். வடிகால் என்று எழுதிவிட்டால் சாக்கடையைத் திருப்பிவிட யாரும் தயங்கமாட்டார்கள். மதுரையில் கிருதுமால் நதி என்று நதிப் பெயரோடே சாக்கடையாகிவிட்டதும் இருக்கிறது என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். அங்கே பெயராவது வழக்குப் போட உதவும்.

மதகடி

கோவைத் தம்பி சொன்னதில் உண்மை இருக்கிறது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று தனித்தனியாகத்தான் எழுதியிருப்பார்கள். புலப்படத்தைப் பார்க்காமல் எந்த நீர்வழிக்கும் பெயர் வைக்காதீர்கள். பதிவேட்டில் ஓடை என்று இருப்பதை வரைபடத்தில் வடிகால் என்று எழுதினால், நாளைக்கு யாரோ அந்த வரைபடத்தைக் காட்டிக் கட்டடம் கட்டுவார்கள்.

இப்போது நான் கொஞ்சம் நீளமாகப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இழையை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். இயற்கையா செயற்கையா, பெரியதா சிறியதா என்ற இரண்டு கேள்வியும் நம் சொற்களுக்குள் நுழையவே மாட்டேன் என்கின்றன. நம் ஆட்கள் கேட்ட கேள்வி வேறு: தண்ணீர் எங்கிருந்து எதற்கு வருகிறது, எங்கே போகிறது?

ஒரு ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால். புதுக்கோட்டை, திருச்சிப் பக்கம் வரத்துவாரி என்பார்கள், வாரி என்றாலே போதும். அது காட்டில் தானாக ஓடிவந்த ஓடையாக இருக்கலாம், பாதி ஓடையாக இருந்து கடைசிக் கொஞ்சம் வெட்டித் திருப்பியதாக இருக்கலாம், ஆற்றிலிருந்து முழுக்க வெட்டியதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே பெயர், ஏனென்றால் மூன்றும் ஒரே வேலை செய்கின்றன. மதகு வழியாக வயலுக்குப் போவது பாசன வாய்க்கால். வயலில் மிஞ்சியதை எடுத்துப்போவது வடிகால். டெல்டாவில் அதே வடிகால் அடுத்த ஊருக்குப் பாசன வாய்க்காலாகிவிடும், கடைமடைக்காரர் அறிவார். ஏரி நிரம்பி வழிவதற்கு மூன்று பெயர் இங்கேயே வந்துவிட்டன: மறுகால், கோடி, வான். அப்புறம் மதுரை ராமநாதபுரத்துக் கலுங்கு. அந்த மிகைநீர் அடுத்த ஏரிக்கு வரத்து. ஒரே ஓட்டம், மேல் ஊருக்கு மறுகால், கீழ் ஊருக்கு வரத்துக்கால். கரையில் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. எல்லா ஊரும் தன் பக்கமிருந்துதான் பெயர் வைக்கும்.

வீராணம் ஏரியைப் பாருங்கள். கீழணையிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது வடவாறு. வெட்டி, கரை கட்டி, மதகு வைத்தது, பெயர் ஆறு. அரியலூர் மேட்டிலிருந்து மழைநீரைக் கொண்டுவருபவை செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை. உபரிநீர் வெளியேறுவது வெள்ளியங்கால் ஓடை. செங்கால், வெள்ளியங்கால் இரண்டிலும் காலும் இருக்கிறது, ஓடையும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் கால் என்று சொல்ல, பிறகு வந்த எழுத்தர் அதன் பின்னால் ஓடையை ஒட்டியிருப்பார் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே. தூத்துக்குடியில் உப்பாற்று ஓடை, ஈரோட்டில் பெரும்பள்ளம் ஓடை, குமரியில் அனந்தனாறு சானல் எல்லாம் இதே கதை. இரட்டைச் சொல்லைக் கண்டால் இரண்டு தலைமுறை பேசுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லெழுத்து

பெரியவர் சொன்னதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. வேலையை வைத்து மட்டும் பெயர் வைக்கவில்லை. பள்ளம், ஓடை, கானாறு, தோடு நான்கும் வேலை சொல்லவில்லை, நிலத்தைச் சொல்கின்றன. தாழ்ந்த இடம், ஓடும் இடம், காடு. பயன்படுத்தாத நீர்வழிக்கு நிலத்தின் பெயர், பயன்படுத்தியதற்கு வேலையின் பெயர் என்று பிரிக்கலாமா?

மதகடி

பிரிக்கலாம். ஆனால் ஓடை நீரைத் தடுத்து ஏரிக்குத் திருப்பியவுடன் அதே ஓடை வரத்துக்காலாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைமடை

சொல் ஆராய்ச்சி நடக்கட்டும். எங்கள் வடிகாலில் ஆகாயத்தாமரை முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. அதற்கும் ஒரு வகை வரைபடத்தில் இருந்தால் சொல்லுங்கள்.

நொய்யல்கரை

முடிவு செய்துவிட்டேன், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

வகைக்கு அவர்கள் விதியையே பின்பற்றுகிறேன், ஆனால் தாவும் அளவுகோலை மட்டும் விட்டுவிடுகிறேன். எங்கள் பள்ளங்களை ஆறு என்று போட மாட்டேன், அகலமாக இருந்தாலும் சிற்றோட்ட வகைதான். அதோடு, ஆண்டில் சில மாதமே நீர் உண்டு என்ற குறிப்பையும் சேர்ப்பேன். அதற்கு அத்தளத்தில் இடம் இருக்கிறது. கசிவுநீர் ஓடும் பள்ளங்களும் அதே வகையில்தான் வரும், வழி யார் போட்டது என்பதுதான் கணக்கு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கக் கட்டத்தில் எழுதுவேன். காலிங்கராயனும் கீழ்பவானியும் கால்வாய் வகை, கொப்பு வாய்க்கால்கள் சிறு மண்வாய்க்கால் வகை.

பெயர்க் கட்டத்தில் கரையில் குடியிருப்பவர்கள் சொல்வது. பள்ளம் என்றால் பள்ளம், வாய்க்கால் என்றால் வாய்க்கால். பலகையிலோ பதிவேட்டிலோ வேறு பெயர் இருந்தால் மாற்றுப்பெயர்க் கட்டத்தில் சேர்ப்பேன். பெயரின் பின்னால் ஓடை, கால்வாய் என்று நானாக எதையும் ஒட்டமாட்டேன்.

சானல்கரை

அப்படியானால் அனந்தனாறு சானல் அப்படியே இருக்கட்டும். நான் தொடமாட்டேன்.

மதகடி

சரியான முடிவு. ஒன்று மட்டும்: நீர்வழிக் கோட்டைத் தண்ணீர் போகும் திசையில்தான் வரையவேண்டும் என்பது அந்தத் தளத்தின் விதி. மேலிருந்து கீழே. வாய்த்தலையில் தொடங்கிக் கடைமடையில் முடியுங்கள்.

ஒக்கியம்

அப்படியென்றால் எனக்கு ஒரு சந்தேகம் ஐயா. பக்கிங்காம் கால்வாய் 1806-இல் வெட்டத் தொடங்கி, 1878-இல் ஆளுநர் பெயரைப் பெற்றது. படகு போக வெட்டியது, சரிவே கிடையாது. கழிமுகத்துக்குப் பக்கத்தில் கடல் ஏறினால் தண்ணீர் உள்ளே வருகிறது, வற்றினால் வெளியே போகிறது. நான் எந்தத் திசையில் வரைவது?

மதகடி

எந்தத் திசையிலும் வரையலாம். கடல் ஏற்றவற்றம் உண்டு என்ற குறிப்பைச் சேர்த்துவிடுங்கள், அது போதும். மடுவை மட்டும் பள்ளிக்கரணையில் தொடங்குங்கள்.